தங்கக் கரை போட்ட கருமாதி கார்டு

செத்துப் போய் இருபத்தாறு வருஷம் ஆன என் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலுக்கு வந்து, தன்னுடைய கருமாதி கார்டு ஒன்று இருக்குமா என்று கேட்டாள்.

நான் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். 

“ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதும்க்கா. கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல,” என்றாள்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு பிரம்புக் கூடை. தலையில் ஒரு நரை இல்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். நாற்பத்தேழு வயதில் அவளுக்கு ஒரு நரை இல்லை. ஐம்பத்தொன்றில் எனக்கு மை பூசாவிட்டால் பாதித் தலை பஞ்சு.

செத்துப் போனாள் என்றேனே, அதை விளக்க வேண்டும். எங்கள் அப்பா செல்லையா, தேயிலை எஸ்டேட்டில் கங்காணி. 1999-இல் என் தங்கை யுவனேஸ்வரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற செமாய் கம்போங் என்கிற காட்டுக் கிராமத்திலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்குக் களை வெட்ட வந்த அலாங் என்பவனோடு போய்விட்டாள். இந்தக் காட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்த ஜனங்கள் அவர்கள்; அரசாங்கக் காகிதத்தில் அஸ்லி. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் அவர்களைச் சொல்ல ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. அப்பா அதைத்தான் சொல்லிக் கத்தினார். நான் இங்கே அதை எழுத மாட்டேன்.

மகளைத் தலை முழுகிவிட்டேன் என்று கோபத்தில் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். என் அப்பா எதையும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. தானா ராத்தா டவுனுக்கு பஸ் ஏறிப் போய் ஐம்பது கருமாதி கார்டு அடித்துக்கொண்டு வந்தார். பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் மொட்டை போட்டுக் காரியம் செய்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் ஒரு கார்டு கொடுத்தனுப்பினார். அவள் இருந்த போட்டோ எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். என் கல்யாணப் போட்டோவில் அவள் நின்ற பக்கத்தைக்கூட வெட்டி எடுத்துப் போட்டார். அதில் என் மாமியாரின் இடது கையும் சேர்ந்து எரிந்தது.

அதற்கப்புறம் நாங்கள் அவளோடு பேசியதில்லை. கோலா தெர்லா காய்கறிக் கடையில் எப்போதாவது எதிரே வருவாள். அவள் சிரிப்பாள், நான் தக்காளியைப் பார்ப்பேன்.

“அது எதுக்கு இப்ப?” என்றேன்.

“கோர்ட்டுக்குக்கா.” கூடையை இறக்கி வைத்தாள். உள்ளே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. “ஆத்து வளைவுல இருக்கிற எங்க காட்டை ஒரு கம்பெனிக்காரன் ரெண்டாயிரத்தஞ்சுல லீஸ் எடுத்திருக்கான். இப்ப மரத்தையெல்லாம் தள்ளிட்டு, பிளாஸ்டிக் கூரை போட்டு தக்காளி வைக்கப் போறானாம். நாங்க கேஸ் போட்டிருக்கோம். அவன் என்னா சொல்றான், லீஸ் எடுத்தப்ப அங்க ஒரு ஆளும் இல்லையாம். நாங்க அதுக்கப்புறம்தான் வேற எங்கிருந்தோ வந்து குடிசை போட்டோமாம்.”

“ரெஜிஸ்டர்ல இருக்கும்ல?”

“கம்போங் பேர் இருக்கு, எந்த எடம்னு இல்ல. எஸ்டேட் மேப்புல தேயிலை மட்டும்தான் போட்டிருக்கு. லாயர் கேக்குறாங்க, ரெண்டாயிரத்தஞ்சுக்கு முந்தின காயிதம், எடம் போட்டது, ஏதாச்சும் இருக்கான்னு. எங்காளுங்ககிட்ட காயிதம் ஏதுலா? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அப்பா எழுதுனதுதான் ஞாபகம் வந்துச்சு.”

எனக்கும் ஞாபகம் வந்தது. வராமல் என்ன? அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். அப்பாவுக்கு முப்பது வருஷம் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேடு எழுதிப் பழகிய கை. எந்த மலை, எந்த நிரை, எத்தனை ஆள், எத்தனை மணி என்று போடாமல் அவருக்கு எதையும் எழுத வராது. கார்டில் இப்படி இருந்தது: ‘எங்கள் இளைய மகள் செ. யுவனேஸ்வரி (வயது 21), 21.2.1999 ஞாயிறு காலை 6.40க்கு, ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கீழே, இரண்டாவது பாலத்துக்கு வடக்கே, ஆற்று வளைவில் பதினோரு வீடுகள் உள்ள அஸ்லி கம்போங்கில் காலமானார் என்பதை மிகுந்த மன வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ கருமாதி கார்டில் வீட்டுக் கணக்குப் போட்ட ஒரே மனிதர் இந்த நாட்டில் என் அப்பாவாகத்தான் இருப்பார்.

“உனக்கு ஒண்ணு அனுப்புனாரே,” என்றேன்.

“அன்னிக்கே ஆத்துல விட்டுட்டேன்க்கா. வயசு அப்படி.”

நான் மூக்கைச் சொறிந்துகொண்டேன். “எங்ககிட்ட இல்ல. அம்மா போனப்ப எல்லாத்தையும் எரிச்சாச்சு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். கூடையிலிருந்து வாழையிலையில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துப் படியில் வைத்தாள்.

“கெலா மீன். ரெண்டு வருஷமா வளைவுல யாரும் தூண்டி போடாம பூட்டி வச்சிருந்தோம். நேத்துலேர்ந்து ஒரு வாரத்துக்குத் தொறந்திருக்கோம். மாமாவுக்குப் புளி போட்டுக் குடு,” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆற்றைப் பூட்டி வைப்பதாம், திறப்பதாம். வீட்டுச் சாவி மாதிரி பேசுகிறாள்.

மீனைக் குப்பையில் போட நினைத்தேன். போடவில்லை. சமைத்தேன். என் வீட்டுக்காரர் நாகரத்தினம் வாய் திறந்து ஒரு சாப்பாட்டைப் பாராட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. அன்றைக்கு முள்ளைக்கூட சப்பிவிட்டு, “எங்க வாங்குன? இந்த மாதிரி மீன் இங்க ஏது?” என்றார். நம் பக்கத்து ஆறு பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் ஓடி எத்தனை வருஷம்! மேலே இருக்கிற தோட்டங்களின் மண்ணெல்லாம் அதில்தான் வருகிறது. குழாயில் வருகிற தண்ணீரையே துணி கட்டித்தான் பிடிக்கிறோம். கருமாதி செய்யப்பட்டவள் கெலா மீன் கொண்டுவருகிறாள். நான் ருசி பார்த்துக்கொண்டே வயிறெரிந்தேன்.

என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் சமையலறை அலமாரி மேலேயே இருந்தது. எஸ்டேட் ஆபீஸிலிருந்து வந்த கடிதம். எஸ்டேட் லோரி ஓட்டுகிற நாகரத்தினத்துக்கு செப்டம்பரில் அறுபது வயது முடிகிறது. லோரி சாவியையும் அவர் பேரில் கொடுத்த எஸ்டேட் வீட்டுச் சாவியையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். சாவி கொடுப்பதற்கு நிரப்ப வேண்டிய ஒரு பாரம்கூடச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். மகன் சிங்கப்பூரில் நான்கு பேரோடு ஒரே ரூமில் இருக்கிறான். என் தாத்தா காட்டை வெட்டிச் செடி நட்ட எஸ்டேட் இது. அப்பா இங்கே கங்காணி. நான் பதினேழு வயதில் கொழுந்துக் கூடை தூக்கியவள், மெஷின் வந்த பிறகும் மெஷின் ஏறாத சரிவுகளில் இன்னும் கிள்ளுகிறேன். மூன்று தலைமுறைக்கு மிச்சம் ஒரு பாரம்.

அவளோ ஓடிப் போனவள். அப்பா சொன்னதைக் கேட்காதவள். அவளுக்கு ஆறு, காடு, மீன். சொன்னதைக் கேட்டு, பார்த்து வைத்த மாப்பிள்ளையைக் கட்டி, அம்மா அப்பாவுக்குக் கடைசி வரை கஞ்சி ஊற்றி, கொள்ளி வைக்கிற வரை கூட நின்றவள் நான். எனக்குச் சாவி பாரம். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

கார்டு வீட்டில்தான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில், பிறப்புப் பத்திரங்களுக்குக் கீழே. நாகரத்தினம் தூங்கப் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். கெட்டி அட்டை, நாலு பக்கமும் தங்கக் கரை. நடுவில் அடையாள அட்டைக்கு எடுக்கிற அளவில் அவள் போட்டோ. சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர், மாதம், வருஷம்.

என் கல்யாணப் பத்திரிகையை அப்பா மஞ்சள் தாளில் ஒரே வர்ணத்தில் அடித்தார். சிக்கனமாம். வீட்டை விட்டு ஓடினவளுக்குக் கருமாதி கார்டு தங்கக் கரை. இருபத்தாறு வருஷமாக அந்தக் கரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஒன்றுதான் தோன்றும். உயிரோடு இருந்தபோதும் அவள்தான் செல்லம், சாகடித்தபோதும் அவள்தான் செல்லம். என் வயிற்றெரிச்சலுக்கு ஆதாரமாக அந்தக் கார்டை வைத்திருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டின்னை மூடும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கு வேண்டியது என்னிடம் இருக்கிறது. எனக்கு வேண்டியது அவளிடம் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு கார்டை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒன்பதாம் நம்பர் மலையில் இறங்கினேன். இத்தனை வருஷம் மேலே நின்று கொழுந்து கிள்ளியிருக்கிறேன். கீழே இறங்கியதில்லை. தேயிலை முடிகிற இடத்தில் ஒரு தொங்கு பாலம். பாலத்தில் பாதி தூரத்தில் நின்று கீழே பார்த்தேன். கொஞ்சம் தள்ளி இரண்டு ஓடை வந்து சேர்கிற இடத்தில் ஒன்று சிவப்பு, ஒன்று தெளிவு. காட்டுப் பக்கத்திலிருந்து பாலத்துக்கு அடியில் வருகிறது தெளிவு. கல்லெல்லாம் எண்ணலாம் போல் கிடந்தது. கல்லுக்கு மேல் மீன்கள் நகராமல் நின்றன.

பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டியதுதானே, மனுஷி? எனக்கு எரிந்தது.

கரையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பாராங் கத்தி, கையில் ஒரு நோட்டு. நாலைந்து ஆண்கள் மூங்கிலை வெட்டிக்கொண்டுவந்து ஆற்றுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்த ஆற்றை மறுபடி பூட்டுகிற வேலையாம். அவள் ஏதோ சொன்னாள், அவர்கள் பாஷையில். அலாங்கும் அதில் ஒருவன்; அவனும் அவள் சொன்ன இடத்தில்தான் மூங்கிலை நட்டான். எங்கள் லைனில் ஒரு பொம்பளை சொல்லி எந்த ஆம்பளை ஒரு ஆணி அடித்திருக்கிறான்?

“வாக்கா!” என்றாள். நான் வருவேன் என்று தெரிந்த மாதிரி.

அவர்களுடைய மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். பலகைச் சுவர் ஒன்று முழுக்க ஒரு பெரிய வரைபடம். கையால் வரைந்து வர்ணம் தீட்டியது. அவள் மகள் நோரின் அதன் முன்னால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது. அப்பா இருந்திருந்தால் பெற்றவளை மறந்து பேத்தி மூக்கைப் பார்த்திருப்பார், அச்சாக அவர் மூக்கு.

“பெரிமா, உக்காருங்க,” என்றாள். யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் உட்காரவில்லை.

“இந்த நம்பரெல்லாம் என்னா?” என்று வரைபடத்தைக் காட்டிக் கேட்டேன்.

“ஒவ்வொரு எடமும் போன்ல பாயிண்ட் எடுத்தோம் பெரிமா. ரெண்டு வருஷம் நடந்தோம். இது எங்க தாத்தாவோட அப்பா நட்ட பெத்தாய் மரம். இது எங்காளுங்களைப் புதைச்ச எடம், இங்க யாரும் வெட்ட மாட்டோம். இது மீன் முட்டை போடுற எடம். இந்த மரம் அப்பா பொறந்தப்ப அவங்கம்மா நட்டது. இங்க மேல பத்து ஏக்கர் எதையும் தொடுறதில்ல, அங்கேர்ந்துதான் தண்ணி வருது. உங்க லைன் குழாய்க்கும் அங்கேர்ந்துதான், கீழ செம்மண் ஓடையோட கலந்து வருது.”

மரத்துக்கெல்லாம் பெயர் இருந்தது. ஆளின் பெயர். என் தாத்தா நட்ட செடி எது என்று யாராவது கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? பதினாலாம் நம்பர் மலை என்பேன். பதினாலாம் நம்பர் மலையை இரண்டு தடவை பிடுங்கிவிட்டு மறுபடி நட்டாயிற்று. இந்தச் சுவருக்கு முன்னால் நிற்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கிழித்துப் போடலாம் போல வந்தது. வந்தது என்றுதான் சொல்கிறேன், கிழிக்கவில்லை.

“கார்டு இருக்கு,” என்றேன்.

யுவனேஸ்வரி குதிக்கவில்லை. “தெரியும்க்கா. பொய் சொல்றப்ப நீ மூக்கைச் சொறிவ, சின்னதுலேர்ந்து.”

“சும்மா தர மாட்டேன்.”

“சொல்லு.”

“செப்டம்பருக்கு அப்புறம் எங்களுக்கு வீடு இல்ல. இங்க எனக்கு ஒரு வீட்டுக்கு எடம் வேணும். என் பேர்ல எழுதிக் குடு. கார்டை இப்பவே எடுத்துத் தர்றேன்.”

சொல்லும்போது என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. ஆனால் நான் பின்வாங்கவில்லை. கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைத்தேன். அவளுக்கு இருக்கும்போது எனக்கு ஏன் கூடாது?

“என் பேர்லயே இல்லாததை உன் பேர்ல எப்படிக்கா எழுதுறது?” என்றாள்.

“நடிக்காதடி. ஆத்துக்கே நீதான் துரை மாதிரி நிக்கிற.”

“நோரின், அந்த லிஸ்ட்டைக் காட்டு.”

நோரின் பைலைப் பிரித்துக் கொடுத்தாள். கேஸ் போட்டவர்களின் பட்டியல், இரண்டு பக்கம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அவள் பெயரைக் கண்டுபிடித்து, இதோ பார் என்று மூக்கில் நீட்டுவதற்காகத்தான் படித்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினேன். அலாங் பெயர் பன்னிரண்டாவது. நோரின் பதிமூன்று. அவள் தம்பிகள் இரண்டு பேர் பதினாலு, பதினைந்து. அடுத்தது வேறு குடும்பம். இரண்டாம் பக்கம் முடியும் வரை போனேன். மறுபடி மேலிருந்து வந்தேன். யுவனேஸ்வரி என்று ஒரு பெயர் இல்லை.

“அம்மா பேர் எங்க?” என்று நோரினிடம் கேட்டேன்.

“போட முடியாது பெரிமா. அம்மா அஸ்லி இல்லலா. அப்பா வழியோ அம்மா வழியோ ரத்தம் இருக்கணும், சட்டம் அப்படி. எங்களைப் போடலாம். லாயர்கிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டோம்.”

“அப்ப கேஸ் ஜெயிச்சா?”

“எங்களுக்கு. கம்போங்குக்கு. தனித்தனியா யாருக்கும் இல்ல. அம்மாவுக்கு சுத்தமா இல்ல.”

நான் என் தங்கையைப் பார்த்தேன். பூட்ஸிலிருந்து சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப எதுக்குடி இப்படி அலையுற? உனக்கு என்னா லாபம்?”

“நீ முப்பத்துநாலு வருஷம் கொழுந்து கிள்ளுனியே. செடி உன் பேர்லயா இருக்கு?”

“அதைத்தானேடி நானும் கேக்குறேன்! யாருக்கும் இல்லாதப்ப நீ மட்டும் எப்படி இது என் எடம்னு நிக்கிற?”

“தெரியலக்கா. நின்னுட்டேன். இப்ப வேற எங்கயும் நிக்கத் தெரியல.” அவள் குச்சியைத் தூக்கிப் போட்டாள். “அப்புறம், மாமா ரிட்டையராகப் போறாருன்னு நாலு மாசத்துக்கு முன்னாடியே கோலா தெர்லால கேள்விப்பட்டேன். தோ பாத்தின்கிட்ட கேட்டும் வச்சிருக்கேன். எங்க தலைவர் அவர். வந்து இருக்கட்டும்னாரு. எழுதித் தர முடியாது, ஆனா யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க. கார்டு கேட்க வந்தப்ப இதைச் சொன்னா வியாபாரம் மாதிரி இருக்கும்னுதான் சொல்லல.”

எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. நல்லவளாக இருக்கிற வாய்ப்பையும் இவளே எடுத்துக்கொண்டாள். நான் பேரம் பேச மலை இறங்கி வந்திருக்கிறேன். அவள் நாலு மாசத்துக்கு முன்பே இனாமாகக் கேட்டு வைத்திருக்கிறாள். ஒன்றிலாவது என்னை முந்தாமல் இருக்கக் கூடாதா?

கைப்பையிலிருந்து கார்டை எடுத்து மேசையில் எறிந்தேன்.

நோரின் அதைக் கையில் எடுக்கவே பயந்தாள். தன் அம்மா செத்துப்போன செய்தியைத் தமிழில் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். ஒன்பதாம் நம்பர் மலை, இரண்டாவது பாலம், வளைவு என்று வந்ததும் எழுந்துபோய்ச் சுவரில் விரல் வைத்தாள். “பதினோரு வீடு,” என்றாள். “அம்மா, அப்ப பதினொண்ணு தானா?”

“பதினொண்ணுதான். நான் வந்தப்புறம் பன்னெண்டு.”

நோரின் அப்போதே லாயருக்குப் போன் செய்தாள். பேசிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு தயக்கம் இருந்தது. கார்டு மட்டும் போதாதாம். குடும்பத்தில் ஒருவர் தானா ராத்தாவுக்கு வந்து சத்தியம் செய்து சொல்ல வேண்டுமாம். இதை அடித்தது எங்கள் அப்பாதான், இடமெல்லாம் உண்மை, செத்தது மட்டும் பொய் என்று.

“அப்பா பொய்யா எழுதுனாருன்னு நான் சத்தியம் பண்ணணுமா?”

நோரின் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

செல்லையா கங்காணி செக்ரோலில் ஒரு கிலோ கூட்டியதில்லை, குறைத்ததில்லை என்று எஸ்டேட் ஆபீஸ் கிராணிமார்கள் இன்றைக்கும் சொல்வார்கள். எனக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, பெயர் போட்ட மரம் இல்லை. அந்தப் பேச்சு ஒன்றுதான் இருந்தது. பொய் எழுதாத மனிதரின், சொன்னதைக் கேட்ட மகள். இவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அதுதான். அதையும் கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் வழக்கம் போலக் கொழுந்து கிள்ளப் போனேன். புதன்கிழமை நாகரத்தினம் குழாய்த் துணியைப் பிழிந்துகொண்டே, “அந்த மீனு மறுபடி எப்ப கெடைக்கும்?” என்றார்.

“ரெண்டு வருஷம் ஆவும். ஆறு பூட்டியாச்சு,” என்றேன். அவள் சொன்ன மாதிரியே என் வாயில் வந்துவிட்டது. அப்புறம், “நாளைக்கு நான் தானா ராத்தா போறேன்,” என்றேன்.

லாயரின் ஆபீஸ் மாடியில் இருந்தது. சின்னப் பெண், சீனப் பெண், மலாயில் கேட்டாள். நான் எஸ்டேட் மலாயில் பதில் சொன்னேன். பக்கத்தில் நோரின், பின்னால் பெஞ்சில் யுவனேஸ்வரி. பூட்ஸ் இல்லாமல் சேலை கட்டி வந்திருந்தாள். எங்கேயோ எடுத்து வைத்திருந்த பழைய சேலை, அதுவும் அவளுக்குப் பொருந்தியிருந்தது.

“இந்தக் கார்டில் போட்டிருப்பவர் யார்?”

“என் தங்கச்சி. சாகல. அதோ பின்னால உக்காந்திருக்கா.”

“அப்படியானால் கார்டில் எதெல்லாம் பொய்?”

“ஒரே ஒரு வார்த்தை,” என்றேன். “காலமானார்ங்கிறது. மத்ததெல்லாம் சரி. தேதி சரி, மலை நம்பர் சரி, பாலம் சரி, பதினோரு வீடு சரி. எங்கப்பா அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேற எதையும் தப்பா எழுதுனதில்ல.”

அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, எதிர்க்கட்சி லாயர் நிச்சயம் இதைக் கேட்பார் என்று சொல்லி இன்னொரு கேள்வி கேட்டாள். உயிரோடு இருக்கிறவரின் கருமாதி கார்டை யாராவது இருபத்தாறு வருஷம் பத்திரமாக வைத்திருப்பார்களா? ஏன் வைத்திருந்தீர்கள்?

என்னிடம் பதில் தயாராக இருந்தது. தங்கக் கரை. அப்பா எனக்குப் போடாத தங்கக் கரை. இருபத்தாறு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில். வாயைத் திறந்தேன். கை மூக்குக்குப் போனது. பின்னால் இருக்கிறவள் பார்ப்பாள் என்று கையைக் கீழே இறக்கினேன்.

“வீட்ல இருந்த போட்டோ எல்லாத்தையும் அப்பா அடுப்புல போட்டுட்டாரு,” என்றேன். “அவ மூஞ்சி வேற எதுலயும் இல்ல.”

நோரின் என் கையைப் பிடித்தாள். பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. லாயர் என் பக்கம் ஒரு தாளைத் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அதற்குப் பக்கத்தில் கார்டு கிடந்தது. இருபத்தொரு வயதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட அழகு. அது இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.